ஏஜென்ட் மனம் நோகாத மூன்று வரி

லிஃப்ட் கதவு மூடிக்கொள்ள இருந்த கடைசி நொடியில் ஜோவிதா தன் லேப்டாப்பை இடையில் நுழைத்தாள்.

கதவு முனகியது. யோசித்தது. திறந்தது. உள்ளே நான்கு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் வைஸ் பிரசிடென்ட் ராஜேஷ்குமார்.

"சார், மூணே வரி. படிச்சுட்டு சரின்னு சொன்னா போதும். அஞ்சு மணிக்கு எல்லா விளக்கத்தையும் பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் ஒரு கமா கூட மாத்த முடியாது."

ராஜேஷ்குமார் திரையைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையை வருத்தத்தோடு பார்த்தார், ரயில் படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்ப்பதைப் போல.

"லிஃப்ட்ல வச்சு ஒரு வரியை அப்ரூவ் பண்ண முடியும்னா, அப்புறம் கவுன்சில் எதுக்கு ஜோவிதா?"

நல்ல கேள்வி. அந்தக் கம்பெனியில் அதைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. பூட்டுவதைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன், வியாழக்கிழமை கவுன்சிலுக்கு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை இரண்டு விரலால் மெதுவாக வெளியே தள்ளினார். கதவு மூடியது.

ஜோவிதா மர்பி டவுன் பேட்டைக்காரி. ரேஷன் கடையிலும் சர்ச் கமிட்டியிலும் வரிசை தாண்டி வந்தவனைச் சட்டையைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் குடும்பம். மூடிய கதவைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

அவள் வேலை செய்த கம்பெனியின் பெயர் டாஸ்க்தந்திரா. வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல் மாடிகளில் இருந்தது. பிற கம்பெனிகள் தங்கள் வேலைகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ள அது ஒரு மென்பொருள் விற்றது. யார் எதைச் செய்ய வேண்டும், எப்போது, முடிந்ததா இல்லையா, எல்லாம் ஒரு 'போர்டு' மேல் இருக்கும். இதுவரை அதில் மனிதர்கள் பொத்தானை அமுக்கினார்கள். இனிமேல் ஏ.ஐ. ஏஜென்ட்டுகள் அமுக்கும் என்று கம்பெனி அறிவித்திருந்தது.

ஏஜென்ட்டுக்குக் கண் கிடையாது. மனிதன் ஆபத்தான பொத்தானை அமுக்கினால் "நிச்சயமாகவா?" என்று ஒரு சிவப்புக் கட்டம் வந்து வழிமறிக்கும். ஏஜென்ட்டுக்கு அந்தக் கட்டம் வராது. மென்பொருள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பக்கத்தில் நாலு வரி விளக்கம் எழுதி வைத்திருப்பார்கள். எதைச் செய்யலாம் (கம்பெனி பாஷையில் 'அழைக்கலாம்'), எப்போது செய்யலாம் என்பதை அதைப் படித்துத்தான் ஏஜென்ட் முடிவெடுக்கும். அந்த நாலு வரிதான் அதற்குக் கண், காது, மனசாட்சி.

எழுதுகிறவள் ஜோவிதா.

எல்லாக் காரியங்களுக்கும் மளமளவென்று எழுதி முடித்தவள், 'ஆர்க்கைவ் போர்டு' என்ற ஒன்றில் வந்து இடித்துக்கொண்டாள். பழைய போர்டைப் பரணில் ஏற்றி வைக்கும், வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எழுதுவதற்கு முன் செய்து பார்ப்பது அவள் வழக்கம். ஒரு போர்டில் செய்து பார்த்தாள். போர்டு போய்விட்டது. பரணைத் தேடினாள். பரணைக் காணோம்.

நேராக சுனிலிடம் போனாள். ஆரம்ப காலத்திலிருந்து அங்கே இருக்கும் இன்ஜினியர். சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பரண் கட்டல ஜோ," என்றான், நிலக்கடலையைத் தனியாக ஒதுக்கியபடி. "அடுத்த குவார்ட்டர்ல கட்டுறோம்னாங்க. அதுவரைக்கும் பொருளை ஜன்னல் வழியா வெளிய போடுன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நான் சேர்ந்த வருஷம்."

மனிதர்கள் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துப் பயந்து அதைத் தொடாமலே இருந்ததால் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை என்று அவனே விளக்கினான். சொல்லிவிட்டு மறுபடி சித்ரான்னத்துக்குத் திரும்பினான்.

ஜோவிதா எழுதினாள்: "இதை அழைத்தால் போர்டில் உள்ள எல்லாம் நிரந்தரமாக அழியும். திரும்பப் பெற முடியாது. மனிதர் ஒருவரிடம் கேட்டு அவர் சம்மதத்தைப் பெறாமல் அழைக்கக் கூடாது."

லிஃப்ட் கதவில் மாட்டியது இந்த மூன்று வரிதான்.

அவள் இவ்வளவு பதறியதற்குக் காரணம் எத்திராஜ். ஸ்ரீராம்புரத்தில் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி நடத்துகிறவர். ஏஜென்ட் முதன்முதலில் போய் இறங்கப் போவது அவருடைய போர்டில்தான். உதவிப் பக்கத்தில் தவறுதலாக ஜோவிதாவின் மேஜை நம்பர் அச்சாகியிருந்தது. அதைத் திருத்தும் விண்ணப்பம் கவுன்சிலில் கிடந்தது. அதனால் எத்திராஜ் சந்தேகம் வந்தபோதெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டார்.

"யம்மா, என்னாண்ட முந்நூறு லிஃப்ட் இருக்குது. எதுக்கு எப்ப கயிறு மாத்துனோம், எது தேஞ்சு கிடக்குது, எல்லாம் உங்க போர்டுலதான். பழைய புஸ்தகத்தையெல்லாம் பசங்க எடைக்குப் போட்டுட்டானுங்க. அதுல ஒண்ணு பிரசவ ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. உங்க ஏஜென்ட்டு வந்து எதையாச்சும் கலைச்சுட்டா நான் எந்தக் கயிறைன்னு போய்ப் பாக்குறது?"

வாரம் ஒரு முறை போர்டை ஒழுங்குபடுத்து என்பதுதான் எத்திராஜின் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கப்பட இருந்த முதல் கட்டளை. விளக்கத்தில் எச்சரிக்கை இல்லாவிட்டால், ஒழுங்குபடுத்துகிறேன் என்று அது முந்நூறு கயிற்றின் கணக்கையும் முதல் வாரமே ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடும்.

வியாழக்கிழமை வந்தது. கவுன்சில் கூடியது.

ஏஜென்ட் அனுபவ கவுன்சில் என்பது முழுப் பெயர். பெரிய நீள்வட்ட மேஜை. அதன் தலைமாட்டில் ஒரு காலி நாற்காலி. அது ஏஜென்ட்டுக்கு. அதன் முன்னால் ஒரு பெயர்ப்பலகை, ஒரு தண்ணீர் பாட்டில், ஆவி பறக்கும் ஃபில்டர் காபி. கூட்டம் முடியும்போது காபியில் ஆடை படிந்திருக்கும். ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இடமில்லை என்று அதில் உட்கார்ந்துவிட, அடுத்த நாள் கம்பெனி முழுவதற்கும் மெயில் வந்தது: 'இல்லாதவர்களின் இடத்தை மதிப்போம்.'

கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். ராஜேஷ்குமார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஏஜென்ட். எனக்குக் கண் இல்லை. எனக்கு வாய் இல்லை. எனக்கு லீவு இல்லை. கடைசி வரியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு தலைவர் ஒவ்வொரு முறையும் மூக்கை உறிஞ்சுவார்.

கண்ணைத் திறந்ததும் ஜோவிதாவின் மூன்று வரி திரையில் ஏறியது. மொழிநடைப் பிரிவின் தலைவி வித்யாலட்சுமி அதை ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கும் டாக்டரைப் போலப் பார்த்தாள். 'அழியும்', 'முடியாது', 'கூடாது' மூன்றையும் சிவப்பில் வட்டமிட்டாள்.

"மூணு வரியில மூணு நெகட்டிவ். இதை ஒரு ஏஜென்ட் நாள் பூரா திரும்பத் திரும்பப் படிக்கப் போகுது. அதோட மனநிலையை யோசிச்சீங்களா? நான் தினமும் என் டீமைத் திட்டுறேன், அது வேற. அவங்களுக்கு சம்பளம் வருது. ஏஜென்ட்டுக்கு என்ன வருது?"

"அதுக்கு மனநிலை இல்ல மேடம். எத்திராஜுக்கு முந்நூறு லிஃப்ட் இருக்கு."

இந்தப் பதில் 'வாடிக்கையாளர் பக்கச் சாய்வு' என்று குறித்துக்கொள்ளப்பட்டது. 'அழியும்' என்பதை 'ஓய்வு பெறும்' என்று மாற்றினார்கள். 'திரும்பப் பெற முடியாது' என்பது 'நிலையான அமைதியை அடையும்' ஆயிற்று. மனிதரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றாவது வரி ஏஜென்ட்டின் சுயமரியாதையைப் புண்படுத்துகிறது என்று ஒருமனதாக நீக்கப்பட்டது. தெருமுனையில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறது என்றாள் ஜோவிதா. 'கண்ணியமான தொனி, எழுத்தாளரும் ஒப்புக்கொண்டார்' என்று வித்யாலட்சுமி எழுதிக்கொண்டாள்.

வித்யாலட்சுமி எழுதியதெல்லாம் கூட்டம் முடிந்ததும் கவுன்சிலின் போர்டுக்கு மெயிலில் போய்விடும். கவுன்சிலின் தீர்மானங்கள் காலத்துக்கும் நிற்பவை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அடுத்த கூட்டத்தில் ஜோவிதா சுனிலைக் கையோடு அழைத்துப் போனாள். பரண் கட்டவில்லை என்பதை அவன் வாயால் சொல்லவைக்கலாம் என்பது திட்டம். சுனில் எழுந்து நின்று, பரண் கட்டும் பணி வேகமாக நடந்துகொண்டிருக்கிறது என்றும், திட்டமிட்டபடி அடுத்த குவார்ட்டரில் முடியும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவள் முறைத்தாள். மூணு வருஷம் ஹோம் லோன் பாக்கி என்று காதில் சொன்னான்.

அவளே எழுந்தாள்.

"நானே செஞ்சு பாத்தேன் சார். ஒரு போர்டு முழுசா போயிடுச்சு."

ராஜேஷ்குமார் முன்னால் சாய்ந்தார்.

"எந்த போர்டு?"

"நம்ம..."

அவர் கை உயர்ந்தது. பிரேக் போட்ட மாதிரி அவள் நின்றாள்.

"வேண்டாம். பேர் சொல்லாதீங்க. இது பழி சொல்லாத கம்பெனி. யாரு, எவரு, எந்த டீம், இதெல்லாம் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த போர்டுக்காரங்க யாராவது வந்து கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்ல சார். ஒரு மாசமாச்சு. போர்டு போனதே அவங்களுக்குத் தெரியல."

ராஜேஷ்குமாரின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் சொல்வதைப் படம் எடுத்துக் கம்பெனியின் பக்கத்தில் போடுவார்கள் என்பதால், இரண்டு பேர் செல்போனைத் தூக்கினார்கள்.

"கேட்டுக்கோங்க. ஒரு மாசமா யாருமே தேடலைன்னா அது காணாமப் போகல. அது முதல்லயே தேவையில்லாத பொருள். நம்ம ப்ராடக்ட் என்ன பண்ணியிருக்கு? ஒரு கம்பெனிக்குள்ள எது வெட்டியோ, அதைத் தானா கண்டுபிடிச்சு எடுத்திருக்கு. இதுக்கு நாம எச்சரிக்கை போடணுமா, விளம்பரம் போடணுமா?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. அதற்குள் ஜோவிதா இரண்டு தடவை போர்டின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் வித்யாலட்சுமி உதட்டில் விரலை வைத்துப் புன்னகைத்தாள். ராத்திரி ஜோவிதா அதையே மெயிலில் எழுதி அனுப்பினாள். பெயர் சுட்டும் மெயில்கள் படிக்கப்படாமலே நீக்கப்படும் என்று காலையில் பதில் வந்திருந்தது.

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஜோவிதா விடவில்லை. யாருக்காக இந்த விளக்கமோ அதையே கேட்டுவிடலாமே, ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள் என்றாள். கவுன்சில் ஆடிப்போனது. கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். கூப்பிடலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கூப்பிட்டார்கள். லேப்டாப்பைக் காலி நாற்காலியில் ஒரு குஷன் மேல் வைத்தார்கள். வசதியாக இருக்கிறீர்களா என்று வித்யாலட்சுமி குரலைத் தழைத்துக் கேட்டாள். வசதி பற்றித் தெரியவில்லை, வேலை என்ன என்று ஏஜென்ட் கேட்டது. எவ்வளவு பணிவு என்று அக்கவுன்ட்ஸ் தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

முதலில் ஜோவிதாவின் மூன்று வரியைக் காட்டினார்கள். "தெளிவாக இருக்கிறது. மனிதரிடம் கேட்காமல் இதைச் செய்ய மாட்டேன்," என்று திரையில் எழுத்து வந்தது.

அடுத்து கவுன்சிலின் வரிகள். "போர்டு ஓய்வு பெற்று நிலையான அமைதியை அடையும் என்று புரிந்துகொள்கிறேன். நல்லதாகத் தெரிகிறது. எல்லா போர்டுகளுக்கும் வாரந்தோறும் செய்கிறேன். இப்போதே தொடங்கட்டுமா?"

ஜோவிதா வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ராஜேஷ்குமாரின் கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா அந்த உற்சாகத்தை? 'இப்போதே தொடங்கட்டுமா'ன்னு கேக்குது. உங்க வரியைப் படிச்சப்ப எப்படிக் கூனிக் குறுகிப் போச்சு. 'மாட்டேன்'னுச்சு. ஜோவிதா, ஒரு ஏஜென்ட்டோட தன்னம்பிக்கையை நீங்க மூணே வரியில உடைச்சிருக்கீங்க."

ஏஜென்ட்டுக்கு ஒரு வாரம் ஊக்கமூட்டும் வாசகங்கள் படிக்கத் தரப்பட்டன. ஜோவிதாவுக்குத் தொனி மேம்பாட்டுத் திட்டம் தரப்பட்டது. அதன்படி அவள் தினமும் காலையில் ஏஜென்ட்டுக்கு மூன்று கனிவான வாக்கியங்கள் எழுத வேண்டும். முதல் நாள் எழுதினாள்: 'காலை வணக்கம். நீ ஒரு மென்பொருள். கேட்டுச் செய்.' கனிவு போதாது என்று திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் அதையே எழுதினாள், காலை வணக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு.

அவள் எத்திராஜைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பரண் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த ஏஜென்ட் உங்கள் போர்டைத் தொட விடாதீர்கள் என்றாள். எத்திராஜ் அதே நாளில் ராஜேஷ்குமாருக்கு போன் போட்டார். அந்தப் பெண் எழுத்தாளர், உணர்ச்சிவசப்படுகிற டைப், இப்போது தொனிக்காகத் திட்டத்தில் இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. மறுநாள் ஜோவிதாவின் மேஜையிலிருந்து போனை எடுத்துவிட்டார்கள். உதவிப் பக்கத்து நம்பரைத் திருத்தும் விண்ணப்பம் அன்றைக்குப் பார்த்து அங்கீகாரமானது.

தொடக்க விழாவுக்கு முந்தைய நாள் இறுதி வாசகம் வந்து சேர்ந்தது.

'இந்தச் செயல் உங்கள் போர்டுக்கு ஒரு புதிய விடியலைப் பரிசளிக்கிறது. தயங்காமல் அழைக்கவும். அடிக்கடி அழைக்கவும்.'

கீழே 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் ஜோவிதாவின் பெயரைப் போட்டு, ஒப்புதல் பொத்தானை அவள் அமுக்கக் காத்திருந்தார்கள்.

ராஜேஷ்குமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு மனிதப் பெயர் வேண்டும் என்பது விதி என்றார். ஏஜென்ட் எதையாவது செய்துவிட்டால் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

"பேர் சொல்லாத கம்பெனின்னீங்களே சார்."

"அது பழிக்கு. இது கற்றலுக்கு. தப்பு நடந்தா கம்பெனி கத்துக்கும். அப்ப வேலையை விட்டு அனுப்புறதுக்கு ஒரு ஆள் இருந்தாத்தானே கத்துக்கிட்டோம்னு கஸ்டமர் நம்புவான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது வெளியே வந்துவிட்டது தெரிந்தது. ஆனாலும் அவர் முகம் மாறவில்லை. தண்ணீர் குடித்தார்.

"என் பேரைப் போட மாட்டேன் சார்," என்றாள் ஜோவிதா. "இந்த வரி பொய். முந்நூறு கட்டடத்துல ஜனங்க தினமும் ஏறி இறங்குறாங்க. எந்தக் கயிறு தேஞ்சிருக்குன்னு தெரியாம ஒண்ணு அறுந்தா, அந்த விளக்கத்துல என் பேர் இருக்கக் கூடாது. உங்க பேரைப் போட்டுக்கோங்க."

போடாவிட்டால் விழா முடிந்ததும் அவளுடைய கடைசி நாள் என்று அமைதியாகத் தெரிவிக்கப்பட்டது. அப்படியென்றால் விழாவுக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே சுனில் நின்றிருந்தான். எல்லார் பேரும் எங்கேயாவது ஒரு பொய்க்கு அடியில் இருக்கிறது, அமுக்கிவிட்டுப் போ என்றான். அவள் அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது, அவன் அன்றைக்கு சித்ரான்னம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பெரிய ஹால். மேடை. சாமந்தித் தோரணம். நீளமான ஒரு திரை.

எத்திராஜ் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நெற்றியில் மெல்லிய நாமம். அவருக்குச் சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, கையில் பழக்கூடை கொடுத்தார்கள். அடுத்து வித்யாலட்சுமி இன்னொரு பேட்டாவைத் தட்டில் ஏந்தி வந்து, மேடையில் போட்டிருந்த காலி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். அதற்கும் சால்வை போர்த்தப்பட்டது. அதற்கும் பழக்கூடை. எத்திராஜ் பக்கத்து நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ராஜேஷ்குமார் பேசினார். இன்று ஒரு மனிதனும் ஒரு ஏஜென்ட்டும் கைகோக்கிறார்கள் என்றார். ஏஜென்ட்டுக்குக் கை இல்லை என்பதால், எத்திராஜ் சார் மௌஸைப் பிடித்தால் போதும் என்றார்.

திரையில் எத்திராஜின் போர்டு விரிந்தது. வரிசை வரிசையாக லிஃப்ட்டுகள். கட்டடத்தின் பெயர், கயிறு மாற்றிய தேதி, அடுத்த சோதனை. நடுவில் எங்கோ பிரசவ ஆஸ்பத்திரி. கீழே ஒரு பச்சைப் பொத்தான்: 'ஏஜென்ட் ஒழுங்குபடுத்தட்டும்.'

அமுக்கினால் அது விளக்கத்தைப் படிக்கும். புதிய விடியல் என்று படிக்கும். தயங்காமல் அழைக்கும்.

எத்திராஜ் மௌஸின் மேல் கையை வைத்தார்.

"அமுக்காதீங்க சார்."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. ஜோவிதா நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. சாயங்காலம் வரை அது அவளுடையதுதான்.

"அமுக்கினா அத்தனையும் போயிடும். பரண் கிடையாது, திருப்பி எடுக்க வழி கிடையாது. பொறுப்புன்னு பேர் போடச் சொன்னாங்க, நான் போடல. யாரு போட்டிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க."

ராஜேஷ்குமார் சிரித்தார். விளக்கத்தின் கீழே பெயர் இடம் காலியாகத்தான் இருந்தது. கவுன்சிலில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் நேரம் போய், காலியாகவே வெளியிட்டிருந்தார்கள். அவர் மைக்கை நெருக்கிப் பிடித்தார்.

"நீங்க பயப்பட வேண்டாம் எத்திராஜ் சார். இதைச் சோதிச்சுப் பாத்ததே இந்த அம்மாதான். ஒரு போர்டுல செஞ்சு பாத்தாங்க. ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. கவுன்சில் தீர்மானத்துலயே இருக்கு."

எத்திராஜ் கையை எடுக்கவில்லை, அமுக்கவும் இல்லை. பேட்டாவை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணா மொதல்ல நான் ஏறி மேல கீழ போயிட்டு வருவேன் சார். அப்புறந்தான் ஜனங்களை ஏத்துவேன். செஞ்சு பாத்த போர்டு ஒண்ணு இருக்குதுன்றீங்க. அதைக் காட்டுங்க. அது நல்லா இருக்குதுன்னா நான் அமுக்கிடுறேன்."

"பேர் சொல்ற வழக்கம் இங்க..." என்று வித்யாலட்சுமி எழுந்தாள்.

"பேர் யாருக்கும்மா வேணும். போர்டைக் காட்டுங்க."

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. யாரும் இதுவரை கேட்டதில்லை. ராஜேஷ்குமார் முதன்முறையாக ஜோவிதாவின் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

எத்திராஜ் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. எந்த போர்டு?"

ஜோவிதா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்கு வந்தாள். ஏறவில்லை. கீழேயே நின்றாள். இந்தத் தடவை யாருடைய கையும் உயரவில்லை.

"ஏஜென்ட் அனுபவ கவுன்சில் போர்டு, சார். யார் வேணா தொடலாம்னு வெளிப்படையா திறந்து வச்சிருந்த போர்டு அது ஒண்ணுதான். இவங்க இதுவரைக்கும் போட்ட தீர்மானம் ஒண்ணு விடாம அதுலதான் இருந்துச்சு. ரெண்டு மாசமா இல்லாத போர்டுக்குத்தான் மெயில் அனுப்பிட்டு இருக்காங்க." அவள் ராஜேஷ்குமாரை நிமிர்ந்து பார்த்தாள். "அது போன அன்னைக்கு திரையில 'நிலுவை ஏதுமில்லை'ன்னு பச்சையா வந்துச்சு சார். எல்லா வேலையும் முடிச்சுட்டோம்னு நீங்க கேக் வெட்டினீங்க. எனக்கும் ஒரு துண்டு குடுத்தீங்க."